தைராய்டு மாத்திரை கல்லீரலைக் கெடுத்திருக்குமா? "மூன்று வேளை" என்று எழுதியிருந்தீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஊர் சேலம் அம்மாப்பேட்டை, வயது 28. 2005-ல், எட்டு வயதில், தைராய்டு என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு வருடம் மூன்று வேளை, அப்புறம் இன்று வரை காலையில் ஒன்று, இப்போது 75 மைக்ரோகிராம். போன மாதம் ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதித்தால் ரத்தத்தில் கூடும் நொதி) 64 வந்திருக்கிறது, இயல்பைவிடக் கூடுதல்; ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் ஆரம்பநிலைக் கொழுப்பு. தை மாதம் கல்யாணம். இருபது வருட மாத்திரை கல்லீரலை அரித்துவிட்டதா, இப்போதே நிறுத்திவிடலாமா என்பது கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள்: எதிர்ப்புச் சக்திக்கு என்று அம்மா நான்கு மாதமாகச் சீந்தில் பொடி கொடுக்கிறார், ரிப்போர்ட் வந்த பிறகு கீழாநெல்லிச் சாறும் சேர்ந்துகொண்டது.

நான் சேலத்தில் 26 வருடமாகக் குழந்தை மருத்துவனாக இருக்கிறேன். கல்லீரல் நிபுணன் இல்லை. உங்கள் கண்ணையும் வயிற்றையும் பார்க்காமல், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பேசுகிறேன். அதனால் நான் சொல்வது மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான துணை. அவருக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்தலாமா என்பதற்கு மட்டும் இப்போதே பதில்: நிறுத்தாதீர்கள்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'தைராய்டு மாத்திரை' என்ற ஒரே பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் நேர் எதிரான இரண்டு மருந்து வகைகள் இருக்கின்றன. சுரப்பி சோம்பிப் போனால் கொடுப்பது லெவோதைராக்சின். எல்ட்ராக்ஸின், தைரோநார்ம் என்று டப்பாவில் வருவது. சுரப்பி அளவுக்கு மீறி ஓடினால் அதை அடக்கக் கொடுப்பது கார்பிமசோல், மெத்திமசோல், புரோப்பைல்தயோயுராசில் போன்றவை. ஒன்று இல்லாததை ஊற்றுகிறது, மற்றது இருப்பதை அடைக்கிறது. கல்லீரலைப் பற்றிப் படித்துப் பயந்தவர்களில் பலர், இரண்டாவது வகையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு முதல் வகையை நிறுத்துகிறார்கள்.

உங்கள் கேள்வியில் என் கண் நின்ற இடம் 'மூன்று வேளை'. லெவோதைராக்சினை யாரும் மூன்று வேளை எழுத மாட்டார்கள். அது உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஒரு நாளைக்கு ஒன்று தாராளம். மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது அடக்கும் மருந்துகளைத்தான். ஆகவே என் ஊகம் இது: எட்டு வயதில் உங்களுக்குத் தைராய்டு கூடுதலாக இருந்திருக்கிறது, குழந்தைகளில் அதற்குப் பெரும்பாலும் கிரேவ்ஸ் என்ற எதிர்ப்புச் சக்திக் கோளாறுதான் காரணம். இரண்டு வருடம் அடக்கும் மருந்து. பிறகு சுரப்பி தானாகவே களைத்துப் போயிருக்கலாம், அல்லது கதிர்வீச்சு அயோடினோ (சுரப்பியை எரிக்கக் குடிக்கக் கொடுப்பது) அறுவை சிகிச்சையோ நடந்திருக்கலாம். அதிலிருந்து லெவோதைராக்சின். அம்மாவிடம் கேளுங்கள்: அந்த வயதில் நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தேனா, கை நடுங்கியதா, பள்ளிக்கூடத்தில் எழுத்து கோணலாகப் போனதென்று டீச்சர் சொன்னாரா, கண் பெரிதாகத் தெரிந்ததா? என்னிடம் வந்த இப்படிப்பட்ட குழந்தைகள் சிலரை முதலில் 'படிப்பில் கவனம் இல்லை' என்றுதான் அழைத்து வந்தார்கள்.

முதலில் பதினெட்டு வருடமாக நீங்கள் சாப்பிடும் காலை மாத்திரையைப் பார்த்துவிடுவோம். இதில் எனக்குச் சந்தேகம் குறைவு. லெவோதைராக்சின் உங்கள் சுரப்பி செய்ய வேண்டிய அதே பொருள், அணு மாறாமல். ஆரோக்கியமான பெரியவர்களின் சுரப்பி ஒரு நாளைக்கு 80 முதல் 100 மைக்ரோகிராம் வரை சுரக்கிறது; உங்கள் மாத்திரை 75. கல்லீரலுக்கு இது வெளியூர்ச் சரக்கு கிடையாது. அந்த ஹார்மோனை ரத்தத்தில் சுமந்து போகும் புரதத்தைச் செய்வதே கல்லீரல்தான். டி4 என்ற இந்த ஹார்மோனை வேலை செய்யும் வடிவமான டி3 ஆக மாற்றும் இடங்களில் கல்லீரலும் ஒன்று. மீதத்தைப் பித்தத்தில் கலந்து அனுப்புவதும் அதுவே. மாத்திரை சாப்பிடாத உங்கள் தங்கையின் கல்லீரலும் தினமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 மைக்ரோகிராம் வீதம் 18 வருடம், வருடத்துக்கு 365 நாள். மொத்தம் 4,92,750 மைக்ரோகிராம், அதாவது அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் 500 மாத்திரை ஒன்றில் இருக்கும் மருந்தின் எடையே அரை கிராம். பதினெட்டு வருடத்து மாத்திரையும் ஒரு பாரசிட்டமாலுக்குச் சமம்! (எடை குறைவு என்பதாலேயே பாதுகாப்பு என்று ஆகிவிடாது, ஹார்மோன் மைக்ரோகிராமிலேயே வேலை காட்டும். 'இருபது வருடமாக உடம்பில் மருந்து சேர்ந்துகொண்டே போகிறது' என்ற படம் மனதில் இருந்தால் அதைக் கலைக்கத்தான் இந்தக் கணக்கு.) லெவோதைராக்சின் தொடங்கிய பின் கல்லீரல் பாதித்ததாக உலக மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளிகளைப் பற்றி மிகச் சில பதிவுகள் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அவை பெரும்பாலும் ஆரம்பித்த வாரங்களில் வரும் ஒவ்வாமை மாதிரியானவை. பதினெட்டு வருடம் சும்மா இருந்துவிட்டு வருகிற ரகம் அது கிடையாது.

நீண்ட காலம் என்று சொன்னால் என் நினைவுக்கு வருவது 1891. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு முற்றிலும் குறைந்து உடம்பு வீங்கிப்போன 46 வயதுப் பெண்ணுக்குச் செம்மறி ஆட்டின் தைராய்டு சாற்றை ஊசியாகப் போட்டார். இந்தச் சிகிச்சை பெற்ற முதல் நோயாளிகளில் ஒருவர் அந்தப் பெண். பின்னாளில் வாய்வழியாகவே சாற்றைக் குடித்துக்கொண்டு 1919 வரை, 74 வயது வரை வாழ்ந்தார். அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்று அதே வேலையை ஒரு சின்ன வெள்ளை மாத்திரை செய்கிறது, நாம் அதைச் சந்தேகப்படுகிறோம்.

இன்னொரு வேடிக்கை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். கொழுப்புக் கல்லீரல் முற்றி வீக்கமும் தழும்பும் ஏற்பட்டவர்களுக்கான மருந்து அது. எப்படி வேலை செய்கிறது தெரியுமா? கல்லீரலில் தைராய்டு ஹார்மோன் போய் உட்காரும் இடத்தில் தானும் உட்கார்ந்து, கொழுப்பை எரிக்கச் சொல்கிறது. தைராய்டு ஹார்மோனைப் போல நடிக்கும் பொருளே கல்லீரலுக்கு மருந்தாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் தைரோநார்மைக் கொழுப்புக் கல்லீரலுக்கு என்று கூட்டிச் சாப்பிடக் கூடாது, இதயத்தைப் பதம் பார்த்துவிடும்.

காலை மாத்திரையால் நான் பார்த்த தொல்லைகள் எல்லாம் வேறு திசையில் வந்தவை. ஏற்காட்டில் நாகலூர் பக்கத்து காப்பித் தோட்டத்திலிருந்து ஒரு பெண் குழந்தை வரும். டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) இறங்கவே இறங்காது. 50 கொடுத்தேன், 75, 100. ஒரு நாள் பாட்டி கூட வந்தார். "கசக்கும்னு புள்ள துப்புதுங்க, அதான் நானே டிகாக்‌ஷன்ல கரைச்சுக் குடுத்துடறேன்" என்றார். தோட்டத்துக் காப்பி, கெட்டி டிகாக்‌ஷன், அதற்கு மேல் பால். காப்பி அந்த மருந்தை உறிஞ்சவிடாது, பாலில் இருக்கும் கால்சியமும் விடாது. ஆறு மாதமாக நான் அளவைக் கூட்டிக்கொண்டே போனேன், எப்படிச் சாப்பிடுகிறாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. வெறும் வயிற்றில் தண்ணீரில் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மற்றது என்று மாற்றியதும் 100-லிருந்து இறங்க வேண்டியதாயிற்று. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். டப்பாவை அடுப்பு மேல் அலமாரியில் வைக்காதீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலே போதும் அதைக் கெடுக்க.

இதோடு ஊர்க்காரர்கள் கேட்கும் இன்னொன்றையும் முடித்துவிடுகிறேன்: மரவள்ளிக்கிழங்கு, ஜவ்வரிசி. கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு. அது உடம்பில் தயோசயனேட்டாக மாறி அயோடினைத் தடுக்கும். அயோடின் பற்றாக்குறையும் இருந்து, சரியாக வேகாத கிழங்கே தினசரி உணவாகவும் இருந்தால்தான் அது பிரச்சினை. நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அயோடின் உப்பு போட்டுச் சாப்பிடும் வீட்டில் பயம் வேண்டாம். கல்லீரலுக்கும் அதற்கும் இங்கே சம்பந்தம் இல்லை.

இப்போது அந்த மூன்று வேளை மாத்திரை. இங்கேதான் கல்லீரல் என்ற பேச்சுக்கு நியாயம் இருக்கிறது. கார்பிமசோல், நம் கடைகளில் நியோமெர்கசோல் என்று கேட்டு வாங்குவது, அரிதாகப் பித்தம் தேங்கி மஞ்சள் காமாலை உண்டாக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதில் நாங்கள் அதிகம் பயப்படுவது வெள்ளை அணுக்கள் திடீரென்று விழுவதற்கு. அதனால்தான் முதல் மூன்று மாதம் காய்ச்சல், தொண்டை வலி என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தம் பாருங்கள் என்று எழுதிக் கொடுக்கிறோம். புரோப்பைல்தயோயுராசில் கதை வேறு. 1940-களிலிருந்து புழக்கத்தில் இருந்த மருந்து. குழந்தைகளில் அது திடீரென்று கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும், மாற்றுக் கல்லீரல் வரை கொண்டுபோகும் என்று தெளிவாகி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் எச்சரித்தது. 2010-ல் டப்பாவிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது. இரண்டாயிரம் முதல் நான்காயிரம் குழந்தைகளில் ஒருவர் என்பது ஒரு மதிப்பீடு. அதற்குப் பிறகு குழந்தைகளுக்கு அதை வழக்கமாக எழுதுவதில்லை.

உங்களுக்கு ஆரம்பித்தது 2005. எச்சரிக்கைக்கு நான்கு வருடம் முன்பு. அப்போது ஒருவர் அதை எழுதியிருந்தால் அன்றைய அறிவுப்படி அது தவறு கிடையாது. நாங்கள் எல்லோரும் கையில் வைத்திருந்த மருந்துதான். ஆனால் இந்தப் பாதிப்பின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே வரும், பெரும்பாலும் முதல் சில மாதங்களில். கண் மஞ்சள், சிறுநீர் டீ நிறம், வாந்தி, சோர்வு என்று வீட்டுக்கே தெரியும்படி வரும். மருந்தை விட்டுப் பதினெட்டு வருடம் ஆன பிறகு ஒளிந்திருந்து கிளம்புவதில்லை. அந்த இரண்டு வருடத்தில் உங்களுக்குக் காமாலை வரவில்லை என்றால், அந்தக் கணக்கு அன்றே முடிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வேன். மெத்திமசோல் வகையைப் பொறுத்தவரை, ஈரானில் சிறுவர் சிறுமியருக்கு எட்டு முதல் பத்து வருடம்வரை தொடர்ந்து கொடுத்த ஆய்விலும், முதல் சில மாதங்களைத் தாண்டியவர்களுக்குப் பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை.

சரி, அப்படியானால் 64 எங்கிருந்து வந்தது? உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி இது. கிரேடு 1 கொழுப்பு என்பது இன்று சேலத்தில் ஸ்கேன் எடுக்கும் பாதிப் பேரின் ரிப்போர்ட்டில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும் அளவுக்குச் சாதாரணம். நாள் முழுக்க நாற்காலி வேலை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, இவைதான் வழக்கமான காரணங்கள். தைராய்டு குறைவே நேரடியாகக் கொழுப்புக் கல்லீரலை உண்டாக்குகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. தைராய்டு குறைந்தவர்களுக்கு எடையும் கொழுப்பும் கூடுவதால் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் ஒன்று சொல்லலாம்: டிஎஸ்எச் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் அது கல்லீரலுக்கு நல்லதில்லை. மாத்திரையை விடுவதுதான் ஆபத்து. எஸ்ஜிஓடி (எஸ்ஜிபிடியோடு சேர்த்துப் பார்க்கும் இன்னொரு நொதி) எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. தைராய்டு குறையும்போது தசையிலிருந்தும் அது கசியும். கல்லீரல்மேல் வீணாகப் பழி விழும்.

உங்கள் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து இவ்வளவு எழுத வைத்தது. சீந்தில் பொடி. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கஷாயம் ஓடியபோது, மும்பையில் தொடங்கிப் பல நகரங்களின் கல்லீரல் மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததைப் பதிவு செய்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்கும் வகை அழற்சி போல அது இருந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது, விவாதம் இன்னும் ஓயவில்லை. வேறு செடி கலந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது, பொடியாக்கிய பிறகு எந்தச் செடி என்று யாருக்குத் தெரியும்? ஆனால் உங்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். கிரேவ்ஸ் நோயே எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியைத் தாக்குவதால் வருவது. அந்த உடம்புக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று சொல்லி ஒரு பொடியைக் கொடுக்கிறோம். ரத்தம் எடுத்தபோது நீங்கள் அதை மூன்று மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் சந்தேகப்படும் வரிசையில் அதற்குத்தான் முதல் இடம், இருபது வருட மாத்திரைக்கு இல்லை.

கீழாநெல்லி அவ்வளவு பயமுறுத்தவில்லை. 1988-ல் சென்னையில் மஞ்சள் காமாலை பி வைரஸ் உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக ஓர் ஆய்வு வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. உங்களுக்கு வைரஸ் இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை. இரண்டையும் நிறுத்திவிடுங்கள். "மருந்துன்னா பயப்படறா, மூலிகைய வேண்டாங்கறா" என்று அம்மா வருத்தப்படுவார். அவரிடம் ஆறு வாரம் மட்டும் என்று கேளுங்கள், சண்டை வேண்டாம்.

அந்த ஆறு வாரம் கழித்து எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிலிருபின், ஆல்புமின், கூடவே டிஎஸ்எச் பாருங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஒரு முறை பார்த்துவிடலாம். 64 இறங்கியிருந்தால் காரணம் ஓரளவு தெரிந்துவிட்டது. மூன்று மாதம் தாண்டியும் நிற்கிறது, அல்லது ஏறுகிறது என்றால் கல்லீரல் மருத்துவரிடம் போய், தன்னெதிர்ப்பு அழற்சிக்கான ரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். தைராய்டில் இந்த வகை நோய் இருப்பவர்களுக்குக் கல்லீரலிலும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். ரத்தம் கொடுக்கும் முன் முடிக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று யோசியுங்கள். கல்யாணப் பெண்கள் பாதிப் பேர் சாப்பிடுகிறார்கள். அது தைராய்டு ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்டும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பழைய மாத்திரை எது, என்ன நோய் என்று கண்டுபிடிக்கச் சொல்வது கல்லீரலுக்காக மட்டும் இல்லை. எட்டு வயதில் வந்தது கிரேவ்ஸ் என்றால், சுரப்பியை எடுத்துவிட்டாலும் எரித்துவிட்டாலும் அந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் பல வருடம் தங்கியிருக்கலாம். கருவுற்ற பிறகு அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் தைராய்டைத் தூண்டும். தாயின் டிஎஸ்எச் அழகாக இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே டிஎஸ்எச் ரிசெப்டர் ஆன்டிபாடி என்ற ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். ஆனால் 'சின்ன வயதிலிருந்து தைராய்டு, காலையில் 75' என்று மட்டும் நீங்கள் சொன்னால் எந்த மகப்பேறு மருத்துவருக்கும் இதைக் கேட்கத் தோன்றாது. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் 75-ஐக் கூட்ட வேண்டியிருக்கும், பெரும்பாலும் கால் பங்கு அளவுக்கு. அதையும் முதல் வாரத்திலேயே போய்க் கேளுங்கள்.

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் உட்கார்ந்து பீரோவைக் கிளறுங்கள். ரேஷன் கார்டும் தடுப்பூசி அட்டையும் வைக்கும் மஞ்சள் பையில்தான் பழைய மருந்துச் சீட்டுகள் இருக்கும் என்பது என் அனுபவம். சீட்டு இல்லையென்றால் கழுத்தின் அடிப்பகுதியில் மெல்லிய குறுக்குத் தழும்பு இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்; வேலூருக்கோ சென்னைக்கோ கூட்டிப்போய் ஏதாவது குடிக்கக் கொடுத்துத் தனியாக இருக்கச் சொன்னார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள். மருந்தின் பெயர் கிடைத்தால் அதையும், எஸ்ஜிஓடி எண்ணையும் இங்கே எழுதுங்கள். பார்க்கிறேன்.